மனக்குரங்கை வெறும் குரங்காகப் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனச் செவ்வியல் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 'மேற்கு நோக்கிய பயணம்' நாவலைப் பற்றிய பத்தி மட்டும் மனதை உறுத்துகிறது. பௌத்த நூல்களைத் தேடிச் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு நடக்கும் ஒரு குருவையும், அவருக்குத் துணையாகப் போகும் குரங்கு முதலிய சீடர்களையும் பற்றிய கதை அது. தாவோ என்னும் சீனச் சமயத்தின் துறவிகள் அதற்கு எழுதிய உரைகளை, கதையில் இல்லாததை வலிந்து ஏற்றியவை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். பல ஆண்டுகளாக இந்த நாவலோடு வாழ்கிறவள் நான். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையாளரின் கருத்து புதிதல்ல. 1942இல் ஆர்தர் வேலி இந்த நாவலை ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தபோது, நூறு அத்தியாயங்களில் முப்பதைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தச் சுருக்கத்தின் முன்னுரையில் சீன அறிஞர் ஹூ ஷி, பௌத்த, தாவோ, கன்ஃபூசிய உரைகாரர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இது நகைச்சுவையும் நையாண்டியும் நிறைந்த நல்ல பொழுதுபோக்குக் கதை என்று எழுதினார். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. நானும் சிறுமியாக இருந்தபோது படித்தது அப்படிப்பட்ட ஒரு சுருக்கத்தைத்தான். குரங்கு பறக்கும், அரக்கர்களை அடிக்கும், அவ்வளவுதான். அந்தோணி யூ 1977 முதல் 1983 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட முழு மொழிபெயர்ப்பு பிற்பாடு கையில் கிடைத்தபோதுதான், பாடல்களையும் அத்தியாயத் தலைப்புகளையும் வெட்டியதில் எத்தனை போயிற்று என்று தெரிந்தது.

முதல் அத்தியாயத்தையே பாருங்கள். சாவில்லாத வழியைத் தேடிக் கடல் கடந்து போகும் குரங்கு, சுபூதி என்ற குருவைக் கண்டடைகிறது. அவர் இருக்கும் மலைக்கு 'ஆன்ம மேடை, ஒரு சதுர அங்குலம்' என்று பெயர். சீனத்தில் இரண்டுமே இதயத்தைக் குறிக்கும் பழைய சொற்கள். குகையின் பெயர் 'சாய்ந்த பிறை, மூன்று விண்மீன்'. 'சின்' என்ற எழுத்தை எழுதிப் பார்த்தால் அடியில் பிறை போல ஒரு வளைவும் சுற்றி மூன்று புள்ளிகளும் வரும். அந்த எழுத்துக்குப் பொருள் மனம். குரங்கு கடல் கடந்து போய்ச் சேர்ந்த இடம் மனம்தான். இதை எந்தத் துறவியும் பின்னால் கொண்டுவந்து ஒட்டவில்லை, நாவலாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். குரங்குக்கு அத்தியாயத் தலைப்புகளில் அவர் தரும் பெயரும் 'மனக்குரங்கு' என்பதே. மனம் ஒரு குரங்கு என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தலைப்புகளில் இன்னொரு விளையாட்டும் உண்டு. பன்றி முகச் சீடனான பாஜியேவுக்கு அங்கே 'மரத்தாய்' என்று பெயர். குரங்கு 'உலோக ஐயா'. 86ஆம் அத்தியாயத் தலைப்பில் இருவரும் இந்தப் பெயர்களிலேயே வருகிறார்கள். இவை தாவோ அக ரசவாதத்தின், அதாவது சாவாமையை உடம்புக்குள்ளேயே தேடும் பயிற்சியின் சொற்கள். பாதரசத்தையும் ஈயத்தையும் சொல்வதுபோல் உடம்புக்குள் இருக்கும் இரண்டு ஆற்றல்களைச் சொல்பவை. சீனர்களின் ஐம்பூதக் கணக்கில் (மரம், தீ, மண், உலோகம், நீர்) உலோகம் மரத்தை வெட்டும். குரங்கும் பன்றியும் வழிநெடுக ஏன் சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை. இரண்டையும் இணைத்துவைப்பது மண். ரசவாத நூல்களில் அதற்கு 'மஞ்சள் கிழவி' என்று பெயர், கல்யாணத் தரகர் மாதிரி. கதையில் அந்த இடம் அதிகம் பேசாத இன்னொரு சீடரான ஷா துறவிக்கு.

53ஆம் அத்தியாயத்துக்குப் போனால் இது நன்றாகப் புரியும். ஆற்று நீரைக் குடித்த பயணக் குருவும் பாஜியேவும் கர்ப்பமாகிவிடுகிறார்கள். கருவைக் கரைக்கும் கிணற்றைக் காவல் காப்பவனோடு குரங்கு மல்லுக்கு நிற்க, அந்த நேரத்தில் ஷா துறவி நீரை இறைத்துவிடுகிறார். 'மஞ்சள் கிழவி நீர் கொண்டுவந்து தீய கருவைக் கரைத்தாள்' என்கிறது தலைப்பு. ஷா துறவி யார் என்று தெரியாதவருக்குத் தலைப்பும் கதையும் ஒட்டாது. தெரிந்தவருக்கோ, தனக்குள் சாவில்லாத 'புனிதக் கரு'வை வளர்க்க நினைக்கும் சாதகன் தவறான வழியில் போனால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து கேட்கும். சிரித்துக்கொண்டே படித்த அத்தியாயம் அதன்பின் எனக்கு வேறாகிவிட்டது. ஆனாலும் சிரிப்பு போய்விடவில்லை.

உரைகாரர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் லியூ யிமிங் (1734–1821). சீனாவின் கான்சூ மலைப்பகுதியில் வாழ்ந்த தாவோ துறவி. இந்த நாவலை எப்படிப் படிக்க வேண்டும் என்று 45 குறிப்புகள் எழுதியிருக்கிறார். கை கழுவி, ஊதுபத்தி ஏற்றி, பக்தியோடு திறந்து படி, சோர்வு வந்தால் மூடி வைத்துவிடு என்று முதல் குறிப்பிலேயே சொல்கிறார். குருவும் சீடர்களும் ஒவ்வொரு நாட்டிலும் முத்திரை வாங்கிக்கொண்டு போகும் அந்தப் பயண அனுமதிச் சீட்டின் மேல் அவருக்குத் தனிக் கவனம். நாம் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருக்கு அது சாதனையின் படிகளைக் காட்டும் சான்று.

சரி, இந்த உரைகாரர்கள் தவறவே இல்லையா? தவறினார்கள். 1663இல் வந்த ஒரு பதிப்பு, தாவோ குரு சியூ சூஜிதான் இந்த நாவலை எழுதினார் என்றது. லியூ யிமிங்கும் அதை நம்பினார். 1222இல் செங்கிஸ் கானை இந்துகுஷ் பக்கம் போய்ச் சந்தித்த சியூ சூஜியின் பயணத்தை அவருடைய சீடர் ஒருவர் எழுதிவைத்தார். அந்த நூலின் பெயரிலும் 'மேற்குப் பயணம்' என்று வருவதால் வந்த குழப்பம் இது. நாவலிலோ அவருக்குப் பிந்தைய மிங் காலப் (1368–1644) பதவிப் பெயர்கள் இருக்கின்றன. நமக்குக் கிடைக்கும் பழைய முழுப் பதிப்பு 1592இல் நான்ஜிங்கில் அச்சானது, அதில் ஆசிரியர் பெயரே இல்லை. ஆனால் எழுதியவர் யார் என்பதில் தவறியவர், எழுதியிருப்பது என்ன என்பதிலும் தவறத்தான் வேண்டுமா?

நாவல் தாவோ குருமார்களைக் கேலி செய்கிறதே என்று கட்டுரையாளர் கேட்பது நியாயமான கேள்வி. பயண வழியில் வரும் மெதுவண்டி நாட்டில் பௌத்தத் துறவிகளை அடிமைகளாக்கி வைத்திருக்கும் மூன்று தாவோ குருமார்கள், கடைசியில் விலங்குகள் என்று தெரிந்து அழிகிறார்கள். அதற்குமுன் தீர்த்தம் என்று நம்பி அவர்கள் குடித்தது குரங்கும் கூட்டாளிகளும் கழித்த சிறுநீரை. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் சுபூதி ஒவ்வொரு வித்தையாகச் சொல்லச் சொல்ல, இதனால் சாகாமல் இருக்க முடியுமா என்று கேட்டுக் கேட்டுக் குரங்கு மறுக்கிறது. போலி வழிகளை உதறுவது அங்கேயே தொடங்கிவிட்டது. மெதுவண்டி நாட்டில் அடி வாங்குவதும் அந்தப் போலி வழிதான் என்பது லியூ யிமிங்கின் பதில். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அவர் சொல்வது எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு அரக்கனையும் ரசவாதப் பிழையாக்கும் இடங்களில் கதை மூச்சுத் திணறுகிறது. ஆனால் குரங்கின் ஒரு குட்டிக்கரணம் 1,08,000 லி தூரம் (லி என்பது சீன தூர அளவு, ஏறக்குறைய அரை கிலோமீட்டர்) பாயும். பயணம் தொடங்கும் சாங்கான் நகரிலிருந்து புத்தரின் மலைக்கு இருக்கும் தூரமும் அதே 1,08,000 லி. குருவைத் தூக்கிக்கொண்டு ஒரே தாவில் போய்விடலாமே என்று பாஜியே கேட்கிறான். முடியாது, அவர் நாடு நாடாக நடந்துதான் தீர வேண்டும் என்கிறது குரங்கு. மனம் ஒரு நொடியில் போய்விடும். உடம்பு பதினான்கு வருடம் நடக்க வேண்டும். இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை.

காஞ்சிபுரத்துக்கு வந்து போன யுவான் சுவாங்கின் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிக்காத தமிழ்ப் பிள்ளை குறைவு. அவரைக் குருவாக வைத்து எழுந்த நாவல் இது. இதன் சில அத்தியாயங்களையாவது உங்கள் இதழில் தமிழில் வெளியிட்டால் மகிழ்வேன். அப்படி வெளியிடும்போது இடத்துக்காகப் பாடல்களையும் தலைப்புகளையும் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகி,
கும்பகோணம்