ஆண்டறிக்கை: காரைக் கடலின் மீன்பல்லியும் நம் விளக்கப் பலகையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, வணக்கம்.

நம் படிப்பகத்து விளக்கப் பலகையைத் திருத்துவதிலேயே இவ்வாண்டின் பெரும்பகுதி கழிந்தது. பெரம்பலூர் மாவட்டக் காரைப் பகுதியில் முன்பிருந்த பழங்கடலில் வாழ்ந்த இக்தியோசரை அப்பலகை ‘நீந்தும் டைனோசர்’ என்று குறித்திருந்தது. பள்ளி மாணவி ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே பிழை நம் கண்ணில் பட்டது. அதை எழுதியவன் நானே என்பதையும் பதிவு செய்கிறேன். 2020-இல் அம்மாவட்டக் குன்னத்தில் கிடைத்த அம்மோனைட் (அழிந்துபோன ஓடுடைய கடலுயிர்) உருண்டைகளை டைனோசர் முட்டை என்று பரப்பியவர்களைக் கண்டு சிரித்தவர்கள் நாம்.

‘மீன்பல்லி’ எனப் பொருள்படும் பெயருடைய இக்தியோசர்கள் ஊர்வன வகுப்பைச் சேர்ந்தவை; ஆயினும் டைனோசர் கிளையில் அடங்காதவை. நிலத்து மூதாதையரிடமிருந்து தோன்றிக் கடலுக்குத் திரும்பிய இவை, மீனுருவம் பெற்று, நீரிலேயே குட்டி ஈன்று வாழ்ந்து, டைனோசர்கள் மறைவதற்கு 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அழிந்துபோயின.

இதை எழுதுவது எளிதாக இருந்தது. சிற்றினப் பெயருக்குத்தான் மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் லைடெக்கர், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஊட்டத்தூர்ப் படிவுகளில் கிடைத்த முதுகெலும்புகளுக்கு 1879-இல் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ எனப் பெயரிட்டார். இன்று அப்பேரினம் ஐரோப்பாவின் தொடக்க ஜுராசிக் காலத்து உயிர்களுக்கே உரியது. ஊட்டத்தூர்ப் படிவுகளில் அடங்கும் காரைப் பாறைகளோ, அதற்கு மிகவும் பிற்பட்ட, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையுடைய கிரெட்டேசியஸ் காலத்தவை. ஆகவே பிற்கால ஆய்வாளர்கள் இவ்வுயிரை ஆப்தால்மோசாரிடே குடும்பத்துப் பிளாட்டிப்டெரிஜியஸ் என்ற பேரினத்தில் வைத்தனர். எனினும், அகல்விளக்கைப் போல் இருபுறமும் குழிந்த அந்த எலும்புகள் உறவினங்கள் பலவற்றிலும் ஒத்திருப்பதால், அவற்றை மட்டும் கொண்டு ஒரு சிற்றினத்தை நிலைநாட்ட இயலாது. ‘இண்டிகஸ்’ ஐயத்துக்குரிய பெயராகவே கருதப்படுகிறது.

நம் மண்ணில் கிடைத்ததற்கு வைத்த பெயரை விடலாகாது என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வருந்தினர். அவ்வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பற்றுக்காக வகைப்பாட்டை வளைக்க இயலாது. எனவே புதிய பலகையில் ‘இக்தியோசர், ஆப்தால்மோசாரிடே குடும்பம்’ என்பதே தலைப்பு. லைடெக்கர் வைத்த பெயர் வரலாற்றுக் குறிப்பாகக் கீழே இடம்பெறுகிறது.

காரைக்குச் சென்ற களப்பயணத்தில் கணவாயின் பழங்கால உறவினங்களான பெலம்னைட்டுகளின் புதைபடிவங்களைத்தான் கண்டோம், எதையும் எடுத்துவரவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பழைய பலகை கிடங்கில் இருக்கிறது. அதை அழிப்பதா, பிழையோடு காட்சிக்கு வைப்பதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்