வீட்டுக் கலயத்துக்கு ஒரு விதி: மதுவிலக்குத் துறைக்குத் திறந்த மடல்

உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

கள்ளுக்கடை திறக்கச் சொல்லி உங்கள் மேசைக்கு வருகிற மனுக்கள் ஏராளமாக இருக்கும். இது அந்த வகை இல்லை. கடை வேண்டாம், ஏலம் வேண்டாம், உரிமம் எடுத்து வியாபாரம் பண்ணவும் கேட்கவில்லை. பனை வைத்திருக்கிற குடும்பமோ பனை ஏறுகிற குடும்பமோ தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் கள் இறக்கிக்கொள்ள ஒரு விதி வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. ஆண்கள் மரம் ஏறுவார்கள். விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், பதநீர் காய்ச்சுவது எங்கள் வேலை. எட்டு, பத்து லிட்டர் பதநீரைக் கிண்டினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்துப் பெருமைப்படுத்தினார்கள். சந்தோஷம். அந்தக் கருப்பட்டிக்கு மூலமான அதே பாளை, அதே மரம், அதே ஆள் எப்போது குற்றவாளியாகிறார் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

கோப்பில் கையெழுத்துப் போடுகிற எல்லாரும் பனங்காட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பாளையைக் கடிப்பு என்கிற கருவியால் இடுக்கிப் பதப்படுத்த வேண்டும். நுனியைப் பாளை அருவாளால் மெல்லிசாகச் சீவி, கலயத்தை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் ஏறிச் சீவினால்தான் ஊறல் நிற்காமல் சொட்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு இனிப்பாகவே நிற்கும், அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் மரத்து மேலேயே வேலையைத் தொடங்கிவிடும், அது கள். சாயங்காலம் கட்டினது காலையில் இனிப்பும் புளிப்புமாக இருக்கும். மத்தியானத்துக்கு உறைப்பு ஏறும். மறுநாள் காடிதான், அதாவது வினிகர்.

ஆக, பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. வெயில் கூடி, சுண்ணாம்பு மட்டுப்பட்டால் பதநீரே பொங்கிப் புளித்துவிடும். அந்தக் கலயத்தோடு கீழே இறங்குகிறவரை என்ன செய்வீர்கள்?

1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் 4-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கள்ளுக்காக மரத்தைச் சீவுவது குற்றம். தன் மரத்தைப் பிறர் சீவ விடுவதும் குற்றம். கள் இறக்குவது குற்றம். விற்பதும் குற்றம். எல்லாம் ஒரே பிரிவில்தான் இருக்கிறது. அடுப்படிக்கு எடுத்துப் போகிறவரா, ரோட்டோரத்தில் வைத்து விற்கிறவரா என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. 1987 முதல் கள்ளுக்கு முழுத் தடை இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த விவாதம் பெரும்பாலும் கடை திறக்கலாமா கூடாதா என்பதைப் பற்றித்தான். வீட்டைப் பற்றிப் பேச்சு அதிகம் இல்லை.

வீட்டில் கள்ளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆப்ப மாவில் கொஞ்சம் கள் ஊற்றிப் புளிக்க வைத்தால் நடு மெத்தென்றும் ஓரம் மொறுமொறுவென்றும் வரும். சோடா உப்பு போட்டால் அந்த வாசனை வராது, கடை ஈஸ்ட் போட்டாலும் வராது. மிஞ்சினதை மூடி வைத்தால் ஊறுகாய்க்கும் மீனுக்கும் காடி. அப்புறம், மரம் ஏறி இறங்கின மனிதர் ராத்திரி ஒரு செம்பு குடிப்பார். அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

‘ஒரு பெண்ணாக இருந்துகொண்டு கள்ளுக்கு வக்காலத்தா’ என்று எங்கள் தெருவிலேயே கேட்பார்கள். குடியால் சீரழிந்த வீடுகளை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கள் உணவு, கள் மருந்து என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் கிடையாது. அதில் இருப்பதும் ஆல்கஹால்தான், நாலு, அஞ்சு சதவீதம். ஆனால் அந்த வீடுகளைச் சீரழித்த பாட்டிலில் இருப்பது 42.8 சதவீதம். அதை 2003 நவம்பர் முதல் அரசே கடை வைத்து விற்கிறது. ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானமும் பார்க்கிறது. ஸ்பிரிட்டில் தண்ணீரும் நிறமும் மணமும் சேர்த்து, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டினால் அது சட்டப்படி சரக்கு. மரத்தில் தானாகப் புளித்தால் அது குற்றம். ‘குடி கெடுதல்’ என்பது காரணமாக இருந்தால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

அடுத்து, விஷச் சாராயச் சாவு. நீங்கள் சொல்லப்போகிற முதல் பதில் இதுவாகத்தான் இருக்கும், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல். இரண்டு முறையும் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைக்கு என்று டேங்கரிலும் டிரம்மிலும் போகிற ரசாயனம். அதை யாரும் பனையிலிருந்து இறக்கவில்லை, எந்த வீட்டுப் பானையிலும் அது ஊறவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு ஆயுள் தண்டனை வரைக்கும் சட்டத்தைக் கடுமையாக்கினீர்கள். விஷம் கலந்து விற்கிறவனுக்கு அது தேவைதான்.

‘கள்ளிலும் கலப்படம் உண்டே’ என்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. 2025 ஜூலையில் ஐதராபாத் குகட்பல்லியில் கலப்படக் கள் குடித்துச் சிலர் இறந்தார்கள். தெலங்கானாவில் தூக்க மாத்திரைச் சரக்கான அல்பிரஸோலத்தைக் கள்ளில் கலப்பது பழைய நோய். ஆனால் இது எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கடைக்குத் தினமும் இத்தனை லிட்டர் வேண்டும். மரம் அவ்வளவு தராது. அந்த இடைவெளியைத் தண்ணீரும் சீனியும் மாத்திரையும் நிரப்புகின்றன. கருப்பட்டியிலும் இதே கதைதான். பனைச் சீசன் முடிந்த மாதங்களிலும் சந்தையில் கருப்பட்டி மலைபோலக் குவிகிறதே, எப்படி? அதில் நிறையச் சீனிப்பாகுதான். மொத்த வியாபாரத்துக்கு வந்துவிட்ட பண்டத்துக்குத்தான் கலப்படம் லாபம். தன் பிள்ளை சாப்பிடுகிற ஆப்ப மாவில் ஊற்றுகிற கள்ளில் எவள் மாத்திரை கலப்பாள்?

வீட்டில் செய்வது எல்லாவற்றையும் அனுமதிக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டாசு செய்து, வெடித்து, பக்கத்து வீட்டுச் சுவரோடு ஆட்கள் போன செய்திகளைப் படிக்கிறோம். அதைத் தடுக்கத்தான் வேண்டும். நாட்டுத் துப்பாக்கியும் அப்படியே. பட்டறையில் குழாயைக் கடைந்து கட்டை மாட்டினால் ஒரு துப்பாக்கி வந்துவிடும். கொல்லர் கை அதற்குத் தாராளம். ஆனாலும் 1959-இன் ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. மலையடிவார ஊர்களில் போலீஸார் வந்து, வைத்திருக்கிறவர்கள் ஒப்படைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவிலோ சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே துப்பாக்கி செய்துகொள்ள மத்திய சட்டத்தில் தடையில்லை. கடைசியில் வரிசை எண் இல்லாத துப்பாக்கிகள் பெருகி, பாகம் பாகமாக விற்கிற துப்பாக்கிப் பெட்டிகளைக் கட்டுப்படுத்த 2022-இல் விதி போட்டார்கள். 2025 மார்ச்சில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அந்த விதியை நிலைநிறுத்தியது. துப்பாக்கிக் குண்டு செய்தவன் வீட்டோடு நிற்காது. அது வேலியைத் தாண்டி அடுத்தவன் மேல் பாயும். ஒரு கலயம் கள் அப்படித் தாண்டாது. தாண்டினால், அதாவது விற்றால், அப்போது வந்து பிடியுங்கள்.

அதே அமெரிக்கா வீட்டுப் பியர் விஷயத்தில் செய்ததையும் பாருங்கள். அங்கே 1933-இல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்துகொள்ள வழி விட்டார்கள், பியரை விட்டுவிட்டார்கள். 45 வருஷம் கழித்து, 1978 அக்டோபரில், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அதைச் சரி செய்தது. ஒரு வீட்டில் வயது வந்த இருவர் இருந்தால் ஆண்டுக்கு 200 காலன், ஒருவர் என்றால் 100 காலன். விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. வீட்டுக்குச் செய்வது வேறு, விற்கச் செய்வது வேறு என்று பிரித்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் நாட்டிலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பழங்குடிக் குடும்பங்கள் வீட்டுத் தேவைக்கு இலுப்பைப்பூச் சாராயம் காய்ச்சிக்கொள்ளலாம், அளவு வைத்திருக்கிறார்கள். அது காய்ச்சி வடிக்கிற சாராயம், கள்ளைவிடப் பல மடங்கு காட்டம். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைக் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணை, அதாவது கள்ளுக்கடை, வைத்து விற்கின்றன. பொள்ளாச்சியைத் தாண்டி கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் போனால் கேரளத்தின் சித்தூர் தாலுகா. அங்கே தென்னங்கள் இறக்குவது ஒரு தொழில். இந்தப் பக்கம் அதே ரகத் தென்னையில் அதே வேலை செய்தால் வழக்கு. கேரளம் கொடுத்திருப்பது கடைக்கு. நான் கேட்பது அதில் கால்வாசி கூட இல்லை.

நம் ஊரில் விதி போட்டாலும் பெரிய ஆளுக்கே போடுவது வழக்கமாகிவிட்டது. 2017-இல் தென்னை நீராவுக்கு, அதாவது புளிக்காத தென்னம் பதநீருக்கு, அனுமதி வந்ததே, யாருக்கு? தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவு செய்த உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு. நாலு மரம் வைத்திருக்கிறவர் நிறுவனமாகச் சேர்ந்த பிறகுதான் தன் மரத்தில் கை வைக்கலாம்.

சரி, நான் கேட்கிற விதி எப்படி இருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மரம் போதும். எந்த மரம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்து, மரத்தில் எண் எழுதிவிடலாம். எங்கள் பக்கம் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஒரு பனை கூடக் கிடையாது. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ஏறுகிறார்கள். அதனால் அனுமதி மரத்துச் சொந்தக்காரருக்கு மட்டும் என்று போட்டுவிடாதீர்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர் வெறுங்கையோடு நிற்பார். விற்கக் கூடாது, ஊரை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, சாராயமாகக் காய்ச்சி வடிக்கக் கூடாது. மீறினால் அனுமதி ரத்து, அதற்கு மேல் இப்போது இருக்கிற தண்டனை.

‘வீட்டுக்கு என்று வாங்கிவிட்டு விற்க மாட்டார்களா?’ சில பேர் விற்பார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மரத்தில் நாளுக்குச் சில லிட்டர்தான் வரும். ஒரு நாள் தாண்டினால் காடியாகிவிடும். பதுக்கவும் முடியாது, லாரி ஏற்றவும் முடியாது. ஒரு வியாபாரத்தை வளர விடாத பண்டம் உலகத்தில் இருந்தால் அது இதுதான். இப்போது உங்கள் ஆட்கள் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக் கலயத்தை உடைக்கிறார்கள். எண் போட்ட மரம் எது, போடாத மரம் எது என்று தெரிந்தால் அவர்களுக்கும் வேலை குறையும், மெத்தனால் டிரம் எங்கே போகிறது என்று பார்க்க நேரமும் கிடைக்கும்.

மாநிலம் முழுக்க ஒரேயடியாகச் செய்யத் தயக்கம் இருந்தால் திருச்செந்தூர் தாலுகாவில் மட்டும் ஒரு சீசன் வைத்துப் பாருங்கள். இராமநாதபுரத்தில் ஒரு தாலுகாவையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, அங்கேயும் பனை நிறைய. சட்டத்தையே திருத்த வேண்டுமா, அரசாணை போதுமா என்பதை உங்கள் சட்டப் பிரிவு பார்க்கட்டும். ஆனால் குழு போடுவதாக இருந்தால் அதில் பனை ஏறுகிறவர் ஒருவரும் விடிலியில் நிற்கிற பெண் ஒருத்தியும் இருக்க வேண்டும். கூட்டத்தை மாசிக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் ஆடி வரைக்கும் எங்களால் அடுப்பை விட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
உடன்குடிப் பக்கத்துப் பனைக்காட்டு வீட்டுக்காரி ஒருத்தி