அந்தப் பட்டம் இங்கே செல்லுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் எஸ்.பி.எம். எனும் பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளியானதும் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திற்கும் வந்துவிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள், ஊழியர் சேம நிதியில் இருந்ததை எடுத்தும், அது போதாமல் வீட்டை அடகு வைத்தும் பிள்ளைகளை அனுப்புகின்றன. கட்டணம், விடுதி, சாப்பாடு என்று விரிவாகப் பேசும் முகவர்களில் சிலர், அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று கேட்டால் மட்டும் வாய்வார்த்தையாக உறுதி கூறி நகர்ந்துவிடுகிறார்கள்.

1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெறாத பல்கலைக்கழகத்தில் படித்தவர், நாடு திரும்பியபின் தகுதித் தேர்வில் தேறினால்தான் பயிற்சி மருத்துவராக முடியும். உக்ரைனில் இருந்த கிரிமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற 2005இல் அரசாங்கம் முடிவெடுத்தபோது நம் பெற்றோர்கள் பட்ட கலக்கம் அவ்வளவு எளிதில் மறக்கக்கூடியதா? சட்டம் படிக்கப் பிரிட்டன் சென்று, அங்கே பாரிஸ்டர் ஆகாமல் பட்டம் மட்டும் பெற்றுத் திரும்புபவர்களுக்கும், இங்கே வழக்கறிஞர் ஆவதற்கான சி.எல்.பி. தேர்வு காத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அங்கீகாரம் இருந்தாலும் வேலை உறுதியில்லை என்பதே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் நியமிக்கப்பட்டு வந்ததும், நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் 2021 ஜூலை 26 அன்று மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்ததும் நாடறிந்தவை. பயிற்சிக்கான அழைப்பு வரும்வரை டியூஷன் எடுத்தும் கடைகளில் கணக்கெழுதியும் நாளைக் கழிக்கும் இளம் பட்டதாரிகளை இங்கே நான் பார்க்கிறேன். கடன் தவணையோ அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. திறனாளர்களை நாட்டுக்கு ஈர்க்கும் அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப் நடத்தும் நாடு திரும்பும் வல்லுநர் திட்டமும், வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு உரியதே தவிர, படிப்பு முடிந்த கையோடு திரும்பும் பிள்ளைகளுக்கு உரியதன்று.

ஆகவே, மாணவரைச் சேர்க்கும் முகவர் ஒவ்வொருவரும் பட்டத்தின் அங்கீகார நிலையையும், திரும்பியபின் எழுத வேண்டிய தேர்வுகளையும் எழுத்து வடிவில் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும் என்று உயர்கல்வி அமைச்சு விதி வகுக்க வேண்டும். மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்த பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தங்கள் நாளிதழ் ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் வாரத்திலேயே தமிழில் வெளியிட வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்