அப்டேட்டுக்குப் பிறகு இசட்எஃப்எஸ் பூலைக் காணோமா?

நண்பர்களே, லினக்ஸில் ஓப்பன்இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) அப்டேட் போட்டு ரீபூட் செய்ததும் பூலை, அதாவது டிஸ்க்குகள் சேர்ந்த சேமிப்புத் தொகுப்பைக் காணோம் என்று பலர் கேட்கிறீர்கள். பதற வேண்டாம், டேட்டா பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். வழக்கமான காரணம், புது கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்ற இசட்எஃப்எஸ் மாட்யூல் பில்ட் ஆகாமல் போவது. கெர்னல் மாறும்போது மாட்யூலை மறுபடி பில்ட் செய்யும் கருவியான டிகேஎம்எஸ்ஸின் ஸ்டேட்டஸைப் பாருங்கள். இப்போது ஓடும் கெர்னலுக்கு நேரே ‘இன்ஸ்டால்டு’ என்று இல்லையென்றால், பில்டுக்குத் தேவையான அதன் ஹெட்டர் பேக்கேஜைப் போட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். அவசரமென்றால் பூட் ஆகும்போது வரும் குரப் (GRUB) மெனுவில் பழைய கெர்னலில் பூட் செய்து வேலையை ஓட்டலாம்.

மாட்யூல் ஏறியும் பூல் வரவில்லையா? லினக்ஸ் தரும் பெயர் மாறி, நேற்று எஸ்டிஏ என்றிருந்த டிஸ்க் இன்று எஸ்டிசி ஆகியிருக்கலாம். டிஸ்க்குகளின் மாறாத பெயர்கள் இருக்கும் பை-ஐடி டைரக்டரியைக் காட்டி பூலை இம்போர்ட் செய்யுங்கள். -எஃப் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றுவதெல்லாம், அந்தப் பூல் வேறு மெஷினில் ஓடவில்லை என்று உறுதியான பிறகுதான்.

அப்புறம், இசட்பூல் ஸ்டேட்டஸில் சில புது வசதிகள் இயக்கப்படவில்லை என்று வரும். எச்சரிக்கை மாதிரி தெரியும், ஆனால் பழுதல்ல. கை துறுதுறுத்தாலும் உடனே அந்த வசதிகளை இயக்கும் இசட்பூல் அப்கிரேடு கட்டளையை அடிக்காதீர்கள். அடித்தால் திரும்ப முடியாது. பழைய பதிப்பு அந்தப் பூலைத் திறக்க மறுக்கலாம். பூட் பூல் என்றால் குரப்பே அதைப் படிக்க முடியாமல் நின்றுவிடக்கூடும்.

இன்னும் ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2.0-வில் இருப்பவர்கள் தாமதிக்காமல் மேலே போங்கள். 2023 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்த, கோப்பைக் கெடுக்கும் பிழைக்கான திருத்தம் 2.2.2-இல்தான் வந்தது.

உதவி கேட்கும்போது கெர்னல் பதிப்பு, இசட்பூல் ஸ்டேட்டஸ், டிமெசேஜ் (கெர்னலின் செய்திப் பதிவு) மூன்றையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். மானிட்டரைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் படிக்க முடிவதில்லை, சாமி!