ஆஃப்சைடா, ஃபவுலா? அதையாவது சொல்லுங்கள்

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தலைவருக்கும், நடுவர் துறையில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

சென்னையிலிருந்து எழுதுகிறேன். பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்சி ஆடும்போது டிக்கெட் எடுத்து வந்து கத்திவிட்டுப் போகிற ஆள். வீட்டில் இரண்டு நீல ஜெர்சி இருப்பதைத் தவிர அந்த கிளப்போடு எனக்கு வேறு சம்பந்தம் கிடையாது.

முதலில் ஓர் இரவைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆட்டம், எதிரணி யார், விசில் யார் கையில் இருந்தது என்பதெல்லாம் வேண்டாம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. இடதுபக்கத்திலிருந்து பந்து உயர வந்தது, எங்கள் ஆள் எம்பி முட்டினார், வலை குலுங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் என்னைக் கட்டிப்பிடித்தார். பிடியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எதிரணி தன் பெனால்டி பெட்டிக்குள் ஃப்ரீ கிக் எடுக்கத் தயாராக நிற்கிறது. கோல் இல்லையாம். ஏன்? ஆஃப்சைடா? கீப்பரை இடித்தாரா? கையில் பட்டதா? லைன்மேன் எங்களுக்கு எதிர்க்கோடியில். ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை.

இரண்டு வரிசை கீழே ஓர் அண்ணன் ஃபோனில் அதே ஆட்டத்தை ஓடவிட்டிருந்தார். நேரலை என்று பெயர்தான், மைதானத்தைவிட அரை நிமிடம் பின்னால் வரும். பதினைந்து தலைகள் அந்த ஃபோன் மேல் கவிழ்ந்தன. அதில் பந்து இன்னும் இடதுபக்கத்தில் இருந்தது. நடக்கப்போவது தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ரீப்ளே வந்தது. "தள்ளிட்டான்" என்றார் ஒருவர். "எங்க தள்ளினான், அவனா விழுந்தான்" என்றார் இன்னொருவர். ஃபோனில் சார்ஜ் ஏழு சதவீதம். ஆட்டம் முடிந்து வெளியே டீக்கடைக்குப் போவதற்குள் மூன்றாவது ஒருவர் வழக்கு முடிந்ததாகவே அறிவித்தார்: "துட்டு வாங்கிட்டான்."

அந்த நடுவர் சரியாகவே முடிவெடுத்திருக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. காசு கொடுத்து உள்ளே வந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்குக்கூட அது என்ன முடிவு என்று யாரும் சொல்லவில்லை. இந்த மடலில் என் புகார் அதுதான்.

2023 மார்ச் 3ஆம் தேதி உங்களுக்கும் மறந்திருக்காது. பெங்களூரு கண்டீரவா மைதானம். பெங்களூரு எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாக்அவுட் ஆட்டம். (சென்னைக்காரனான எனக்கு இரண்டுமே ஆகாது, அதனால் நடுநிலையோடுதான் பார்த்தேன் என்று நம்பலாம்.) 90 நிமிடம் முடிந்து 0-0. கூடுதல் நேரம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே பெட்டிக்கு வெளியே பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் கீப்பர் கம்பத்தருகே நின்று, பந்தை மறிக்கத் தன் ஆட்களைச் சுவர் மாதிரி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். பெங்களூரு வீரர் சுனில் சேத்ரி சட்டென்று பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச் உள்ளே வந்து தன் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் 1-0 என்று பெங்களூருக்குப் போனது.

விதியில் குழப்பமில்லை. ஃபவுலுக்கு ஆளான அணி விரும்பினால் விசிலுக்குக் காத்திராமல் உடனே உதைக்கலாம். 'சுவரைத் தள்ளி நிறுத்துங்கள்' என்று கேட்டு, நடுவரும் அந்த வேலையில் இறங்கிவிட்டால், அதற்கப்புறம் விசில் வந்தால்தான் உதைக்க வேண்டும். ஆக, அன்றைய சண்டை முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: சேத்ரி உதைப்பதற்கு முன்பு நடுவர் அந்த வேலையில் இறங்கியிருந்தாரா, இல்லையா? விசிலும் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொன்னதாக சேத்ரி தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். பிளாஸ்டர்ஸ் தங்கள் தரப்பைச் சொல்லிவிட்டார்கள். அவர்களின் மஞ்சள் சட்டை ரசிகர்கள் ஒரு மாதம் சமூக ஊடகத்தை உறங்க விடவில்லை. பதில் தெரிந்த ஒரே மனிதரின் குரலைத்தான் நாங்கள் கேட்கவே இல்லை. பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சமும் என்று தண்டனை மட்டும் ரூபாய் கணக்கோடு வந்து சேர்ந்தது. மைதானத்தை விட்டுப் போனது தப்பு, தண்டித்தது சரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்த கோல் இன்றும் பாதி கோலாகத்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பரில் மும்பை சிட்டியும் மோகன் பகானும் மோதியபோது ஏழு சிவப்பு அட்டைகள். ஏழு! அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம். இப்போது வேண்டாம்.

உங்களுக்கே நேர்ந்த ஒன்றுக்கு வருகிறேன். 2024 ஜூன் 11, தோகா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியாவும் கத்தாரும். சேத்ரி இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் முதல் ஆட்டம், கீப்பர் குர்பிரீத் கேப்டன். 37ஆவது நிமிடத்தில் நம் சாங்டே கோல் அடித்தார். வென்றால் அடுத்த சுற்று. அன்றைக்கு நடுராத்திரி வரை விழித்திருந்த லட்சக்கணக்கான பேரில் நானும் ஒருவன். 73ஆவது நிமிடத்தில் கத்தார் வீரர் முட்டிய பந்தை குர்பிரீத் தடுத்தார். பந்து அவரைத் தாண்டி உருண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விட்டது. இன்னொரு கத்தார்க்காரர் அதை வெளியிலிருந்து காலால் உள்ளே இழுத்தார், யூசுஃப் அய்மன் வலைக்குள் தட்டிவிட்டார். நம் ஆட்கள் ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்து நின்றிருந்தார்கள். நடுவர் கோல் கொடுத்தார். அந்தச் சுற்றில் வார் (VAR) என்கிற வீடியோ நடுவர் முறை கிடையாது. 85ஆவது நிமிடத்தில் கத்தாருக்கு இன்னொன்றும் விழுந்தது. 2-1. நாம் வெளியே, குவைத் உள்ளே.

மறுநாள் நீங்கள் என்ன செய்தீர்கள்? கடிதம் எழுதினீர்கள். ஃபிஃபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் புகார் அனுப்பி, முறையாக விசாரியுங்கள், நடந்த அநியாயத்துக்கு ஏதாவது பரிகாரம் செய்யுங்கள் என்று கேட்டீர்கள். படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. கூடவே லேசாகச் சிரிப்பும் வந்தது. என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லுங்கள் என்று மேலிடத்தைப் பார்த்துக் கேட்கிறவன் எவ்வளவு சின்னவனாக உணர்வான் என்பது அன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரு விளையாட்டரங்கில் ஒவ்வொரு சீசனும் நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

நான் இவ்வளவு எழுதினாலும் நீங்கள் உடனே வார் என்ற பதிலுக்குத்தான் போவீர்கள் என்று தெரியும். 2023இல் அதன் சிக்கன வடிவமான 'வார் லைட்' பற்றித் தலைவர் கல்யாண் சௌபே பேசினார். வரட்டும், சந்தோஷம். கேமரா, ஆட்கள், பயிற்சி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும் என்பது புரிகிறது. 2025-26 சீசன் தொடங்குமா தொடங்காதா என்றே மாதக்கணக்கில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள், கஜானா நிலைமை எங்களுக்கும் ஓரளவு தெரியும்.

ஆனால் வார் இருக்கும் இங்கிலாந்தைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமும் லிவர்பூலும். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது சுத்தமான கோல். லைன்மேன் கொடி தூக்கினார். வார் அறையில் இருந்தவர், மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். கோல் போச்சு. ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகுதான் தப்பு உறைத்தது, அப்புறம் எதுவும் செய்ய முடியவில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. கோடி கோடியாகக் கொட்டிய இயந்திரத்தின் லட்சணம் இது. மூன்றே நாளில் அந்த அறையில் பேசிய பேச்சு முழுவதையும் ஒலிப்பதிவாக வெளியிட்டார்கள். நானும் கேட்டேன். ஒருவருக்குத் தப்பு புரிகிறது, ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள், 'முடியாது' என்று இன்னொருவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை. கேட்டு முடித்தபோது கோபம் பாதி இறங்கிவிட்டது. சதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவசரத்தில் வாய் முந்திக்கொண்ட நாலு மனிதர்கள், அவ்வளவுதான்.

அங்கேயும் வாரை ஒழிக்க வேண்டும் என்று வுல்வ்ஸ் கிளப் தீர்மானம் கொண்டுவந்தது. 2024 ஜூனில் 19க்கு 1 என்று தோற்றது. கொண்டுவந்தவர்களைத் தவிர ஆளில்லை. 2025 ஜனவரியில் கராபாவ் கோப்பை அரையிறுதியில் நடுவரே மைக்கில், இன்ன வீரர் ஆஃப்சைடில் நின்றார், கோல் கிடையாது என்று மைதானத்துக்கே அறிவித்தார். சில விநாடி வேலை. இவ்வளவு ஏன், நம்ம ஊர் கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் 'அல்ட்ரா எட்ஜ் காட்டுங்கள்' என்று கேட்பது எங்கள் வீட்டுப் பாட்டிக்கே மனப்பாடம். அதைச் சொல்லிக்காட்டித்தான் பேரனிடம் ரிமோட்டை வாங்குவார்.

நடுவர்கள் மேல் எனக்குப் பகை இல்லை. சொல்லப்போனால் நானும் ஒருநாள் விசில் ஊதியவன். பல வருடங்களுக்கு முன், பொங்கல் விடுமுறையில் எங்கள் பகுதியில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டி. வருவதாகச் சொன்ன ரெஃப்ரி வரவில்லை, விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு பையன் கையில் பந்து பட்டது, பெனால்டி கொடுத்தேன். அவன் அணி மொத்தமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. "கை உடம்போட ஒட்டி இருந்துச்சுண்ணா!" எனக்குக் கால் நடுங்கியது. "நான் நின்ற இடத்துலேர்ந்து கை விரிஞ்சுதான் தெரிஞ்சுது, அதான் கொடுத்தேன்" என்றேன். திட்டினார்கள், ஆனால் விலகி நின்றார்கள். பெனால்டி கோலானது. சாயங்காலம் யாரோ எடுத்த வீடியோவில் பார்த்தால் கை ஒட்டித்தான் இருந்தது. அந்தப் பையன் இப்போது எங்கள் தெருமுனையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் "வாங்க ரெஃப்ரி சார்" என்பான், டீ சொல்லுவான். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டியிருந்தால் இந்த டீ கிடைத்திருக்காது.

இந்த நாட்டில் நல்ல நடுவர்கள் இல்லாமல் இல்லை. 2002 உலகக் கோப்பையில் கொடி பிடித்த கோமளீஸ்வரன் சங்கர் தமிழ்நாட்டுக்காரர். இந்தியா ஆடாத உலகக் கோப்பையில் இந்தியர் ஒருவர் எல்லைக்கோட்டில் ஓடினார். அதைத் தெரிந்தவர்களை ஸ்டாண்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் இன்றைய நடுவரைத் திட்டும் கெட்ட வார்த்தை எல்லோருக்கும் தெரியும். பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓடிவந்து விசில் ஊதுகிறவர்கள். அவர்களைப் பேசவிடாமல் வைப்பது அவர்களைக் காப்பாற்றுவதாக நீங்கள் நினைக்கலாம். டீக்கடையில் வந்து கேட்டுப் பாருங்கள், எவ்வளவு காப்பாற்றப்பட்டிருக்கிறார்கள் என்று.

வாருக்கு முன்னால் ஒரு மைக் கொடுங்கள். கோல் ரத்தானாலோ, பெனால்டியோ சிவப்பு அட்டையோ வந்தாலோ, நான்காவது நடுவர் அறிவிப்பாளரிடம் ஒரு வரி சொல்லட்டும், அவர் அதை அந்தந்த ஊர் மொழியில் மைதானத்துக்குச் சொல்லட்டும். 'எண் 9, கீப்பரைத் தடுத்தார்.' போதும். அப்புறம் வாரம் ஒருநாள், அதிகம் சண்டை வந்த இரண்டு மூன்று முடிவுகளை எடுத்து, நடுவர்களின் காதுக்கருவியில் ஓடிய பேச்சோடு உங்கள் பக்கத்தில் போடுங்கள். தப்பு என்றால் தப்பு என்றே சொல்லுங்கள். திட்டுவோம், ஒருநாள் திட்டுவோம். ஏற்கெனவே வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருப்பதற்கு அது தேவலாம்.

டெல்லி துவாரகாவில் இருக்கும் உங்கள் ஃபுட்பால் ஹவுஸுக்கு இந்த மடல் வந்து சேருமா என்று தெரியாது. சேர்ந்தால் பதில் எழுதுங்கள், இங்கிலீஷில் இருந்தாலும் பரவாயில்லை, நான் ஸ்டாண்டில் மொழிபெயர்த்துக் கொள்கிறேன். அதுவரைக்கும் அந்த ஃபோன் அண்ணனின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஆட்டத்துக்கு முழு சார்ஜோடு, கூடவே ஒரு பவர் பேங்க்கும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
நீல ஜெர்சிக்காரன் ஒருவன்,
சென்னை