முதலில் டயரைப் பார்

அன்புள்ள நண்பா,

அப்பாவின் காரை விற்கப் போவதில்லை, உனக்குப் பிடித்த மாதிரி மாற்றி நீயே ஓட்டப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். வேலை தேடி அலைந்த காலத்தில் அந்த வண்டியின் பின் சீட்டில் நாம் எத்தனை முறை தூங்கியிருக்கிறோம்! இருபது வயது எஞ்சின் இன்னும் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால், அப்பா அதை எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று புரிகிறது.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், என் பழைய வண்டியில்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எப்போது கியர் மாற்றுவது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க நேரம் ஆகிறது. ஆனாலும் விடுமுறை நாள் என்றால் கையில் ஸ்பானர்தான்.

சரி, உன் பட்டியலுக்கு வருகிறேன். பெரிய அலாய் வீல், வண்டியைத் தாழ்த்துவது, புது சைலென்சர், எல்இடி ஹெட்லைட், பெயிண்ட், பாட்டு செட். கையிலிருக்கும் பணம் கொஞ்சம், இந்த வேலை உனக்குப் புதிது. எல்லாமே ஆசைப்படத் தக்கவைதான். ஆனால் உன் முதல் செலவு இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. தேய்ந்ததை, இறுகினதை, கசிவதை முதலில் புதிதாக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங் பிடிக்கும் உன் கைக்குத் தெரியும்.

காரில் ரப்பர் பாகங்கள் எவ்வளவு என்று அடியில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சஸ்பென்ஷன் மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் புஷ் என்கிற ரப்பர் வளையங்கள், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், ஸ்டியரிங் மூட்டுகளின் உறை, பிரேக் ஹோஸ். வண்டி ஓடாமல் நின்றாலும் இவற்றுக்கு வயதாகும், இறுகும், வெடிப்பு விடும். வண்டியின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால் தினமும் ஓட்டுபவருக்கு அது உறைப்பதே இல்லை. இந்த மாடல் வளைவில் இப்படித்தான் ஆடும், பள்ளத்தில் இப்படித்தான் தட்டும் என்று நினைத்துவிடுகிறோம். நான் என் வண்டிக்கு முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஆர்மின் புஷ்களையும் நான்கு ஷாக்கையும் மாற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் செய்து எடுத்து வந்த நாளில் வேறு வண்டியை ஓட்டுவது போலிருந்தது. நான் செய்த எந்த அலங்காரமும் அந்த வித்தியாசத்தைத் தரவில்லை.

அதற்கும் முன்னால் டயர். பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியைத் தேடு. அதன் கடைசி நான்கு எண்கள்தான் டயரின் வயது. 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. பட்டையின் பள்ளங்கள் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே. குறைவாக ஓடும் வண்டியில் பட்டை தேயும் முன்பே ரப்பர் இறுகிப்போகும்; ஈர ரோட்டில் பிடிக்காது. உன் வண்டி எவ்வளவு நன்றாகத் திரும்பும், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது கடைசியில் அந்த நான்கு உள்ளங்கை அளவு ரப்பரின் கையில்தான் இருக்கிறது.

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 (DOT 4) வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவி உண்டானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அப்பா கடைசியாக எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடு. மூடியில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதையே ஊற்று. டாட் 5 மட்டும் சிலிகான் வகை, மற்றவற்றோடு சேராது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த ஓர் உதாரணம் இருக்கிறது. 1959இல் வந்த சின்ன மினி காரில் 848 சிசி எஞ்சின், 34 குதிரைசக்தி. பந்தயக் கார் செய்த ஜான் கூப்பர் அதன் திறமையைப் பார்த்து, 1961இல் மினி கூப்பர் வரக் காரணமானார். எஞ்சின் 997 சிசி ஆனது, சக்தி 55. அதே வண்டியில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. வேகத்தைக் கூட்டினவர்கள் நிறுத்தும் வழியையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். குறைந்த விலைக் காரை எந்த வரிசையில் மாற்றுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அலாய் வீல். போடு, வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஒரு பழைய வண்டியின் தோற்றத்தை அவ்வளவு மாற்றுவது வேறு எதுவும் இல்லை. ஆனால் ரிம் பெரிதாகும்போது டயரின் சுவர் குட்டையாக வேண்டும், மொத்த விட்டம் மாறக் கூடாது. கணக்கு எளிது. 175/70 ஆர்13 என்றால் அகலம் 175 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 13 அங்குலம்; இந்த டயரின் விட்டம் ஏறக்குறைய 575 மில்லிமீட்டர். 185/60 ஆர்14 எடுத்தால் 578. 195/50 ஆர்15 எடுத்தால் 576. இப்படி நெருங்கி வந்தால் ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது, டயர் மட்கார்டில் உரசும் வாய்ப்பும் குறைவு. வாங்கும் முன் இன்னும் நான்கு விஷயம் கேள்: போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் அளவும், ரிம் எவ்வளவு உள்ளே வெளியே உட்காரும் என்கிற ஆஃப்செட், நடு ஓட்டை சக்கரம் மாட்டும் ஹப்பில் சரியாக உட்காருகிறதா, நட்டின் வாய் கூம்பா உருண்டையா. கடைசி விஷயத்தைப் பலரும் கேட்பதில்லை. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் முறுக்கினால் அது முழுதாகப் பதியாது, ஓடும்போது தளரும். முடிந்தால் எடையையும் பார். கனமான ரிம் பள்ளம் மேட்டில் உன் புது ஷாக்கின் வேலையைக் கெடுக்கும். என்னைக் கேட்டால் ஓர் அங்குலம் மட்டும் பெரிதாக்கு, போதும்.

வண்டியைத் தாழ்த்துவதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். பணம் மிச்சம் என்று சொல்லி ஸ்பிரிங்கை வெட்ட யாராவது வந்தால் விடாதே. சுருள் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், ஷாக் அதற்கு ஈடு கொடுக்காது. சக்கரம் கீழே தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். உன் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் வாங்கப் பணம் சேரும்வரை வண்டி அதே உயரத்தில் இருக்கட்டும்.

வெளிச்சத்துக்கு எல்இடி பல்பு என்று எழுதியிருந்தாய். உன் ஹெட்லைட்டில் ஒளியைத் திருப்பி முன்னால் அனுப்பும் உட்புறக் கண்ணாடி, ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்து வளைத்தது. அதில் எல்இடி பல்பைச் சொருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதைவிட மலிவான, நல்ல வழி இருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் மெல்லிய வயர் வழியாக டாஷ்போர்டு ஸ்விட்சுக்குப் போய்த்தான் திரும்பும். வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் முப்பது சதவீதம் போலக் குறையும். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியிலும் பல்பு சாக்கெட்டிலும் விளக்கு எரியும்போது அளந்து பார். வித்தியாசம் இருந்தால் பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து, ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வழியாக வயர் இழுத்து நல்ல எர்த் கொடு. அதே பழைய பல்பு புதிதுபோல எரியும். புதிதாக இழுக்கும் எந்த வயருக்கும், பாட்டு செட்டுக்கும்கூட, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வை. வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீயைத் தடுப்பது அதுதான்.

ஹெட்லைட்டின் வெளி மூடி பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சளித்திருந்தால் அதையும் நீயே தெளிவாக்கலாம். சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே 1000, 2000, 3000 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடி. அந்தப் பூச்சை விட்டுவிட்டால் சீக்கிரமே பழையபடி மங்கும். போன மாதம் பெரியவள் தானே இதைச் செய்து முடித்துவிட்டுக் கூப்பிட்டாள். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

முழு பெயிண்ட் இப்போது வேண்டாம். நன்றாகக் கழுவி, கார் பெயிண்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் ஒட்டின அழுக்கை எடுத்து, ஒரு கதவில் மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கும் காம்பவுண்ட் போட்டுப் பார். பழைய நிறமே திரும்ப வரலாம். ஆனால் துருவை விடாதே. கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே பாடியில் நீளமாக ஓடும் சில் என்கிற பகுதியிலும் தண்ணீர் வெளியேறச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டிருந்தால் முதலில் குத்தித் திற. மேலாக வந்த துருவென்றால் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும் உலோகம் வரை சுரண்டி, துருவைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் போடு. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே போகிறதென்றால் வெல்டிங் வேலை, அதைத் தெரிந்தவரிடம் கொடு.

சீட்டுக்கு வருவோம். உன் மாடலிலேயே விலை கூடின வகை ஒன்று அந்தக் காலத்தில் விற்றிருக்கும். அதில் நல்ல சீட், நல்ல ஸ்டியரிங், சிலவற்றில் பெரிய பிரேக், வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் கூடுதல் ஸ்டெபிலைசர் கம்பி எல்லாம் இருந்திருக்கும். காயலான் கடைக்கு வந்த அப்படியொரு வண்டியிலிருந்து எடுத்தால் பல பாகங்கள் வெட்டாமல், வெல்ட் செய்யாமல் உன் வண்டியில் அப்படியே உட்காரும். குறைந்த செலவில் வண்டியை மாற்ற எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி இதுதான். பாக எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கு. சீட் பெல்ட், பிரேக் ஹோஸ் மட்டும் எப்போதும் புதிது. ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கையோ சீட்டையோ நீ கழற்றாதே, உறை போடுவதானாலும் பக்க ஏர்பேக்கை மறைக்காத உறையாகப் பார்.

சைலென்சரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் கூடினால் சக்தி கூடிவிடாது. இருப்பது ஓட்டையில்லாமல் இருந்தால் அப்படியே விடு.

வேலை தொடங்கும் முன் தூக்கின வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, போல்ட்டைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிடு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், அதை நம்பி அடியில் போகாதேடா, ஒரு நிமிடம்கூட. கழற்றும் முன் போட்டோ எடு. போல்ட்டுகளைப் பையில் போட்டு எந்த இடத்து போல்ட் என்று எழுதி வை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டு. அப்போதுதான் எது என்ன செய்தது என்று உனக்குப் புரியும். கழற்றின பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதே, பிடிக்காவிட்டால் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். வீல் அளவோ விளக்கோ மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடு, போக்குவரத்து விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்.

இந்த வாரமே டயரில் உள்ள நான்கு எண்ணையும், இப்போதைய டயர் அளவையும், முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா என்பதையும் பார்த்து எழுது. ரிம் அளவை அதற்குப் பிறகு சேர்ந்து முடிவு செய்யலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல். புஷ் மாற்றும் நாளை முன்னாலேயே சொன்னால் புஷ்ஷை அழுத்தி மாட்டும் என் பிரஸ்ஸை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்