ஒன்பதாவது கேள்வியை யார் படிப்பார்கள்?

அன்புள்ள பாஸ்கர்,

நலம்தானே? முதுகுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். சேகரிடம் நீ என்னைப் பற்றிப் புலம்பியதெல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்ளலாம். இப்போது அதைவிட அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும்.

அடுத்த பருவத்திலிருந்து உங்கள் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் வாரம் ஒரு மனநல வகுப்பு, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கேள்வித்தாள், பொறுப்பு நீதான் என்று எழுதியிருந்தாய். மேடையில் ஏறச் சொன்னாலே காய்ச்சல் வந்து படுத்துக்கொள்பவனா மூச்சுப் பயிற்சி நடத்தப் போகிறான் என்று விமலாவிடம் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளிடம் நாங்கள் நடத்தும் ஆய்வில் பயன்படுத்துவது, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளின் வளரிளம் பருவத்தினருக்கான வடிவம். உங்களுக்கு வரப்போவதும் அநேகமாக இதுவாகவே இருக்கும். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருந்ததா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கிறதா என்று ஆளை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்பதுதான் ஒன்பதாவது கேள்வி.

போன மாதம் ஒரு பள்ளியில் தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். எல்லாப் பள்ளிகளும் முடிந்த பிறகுதான் கணினியில் ஏற்றுவது என்று திட்டம். ஒரு தாளில் ஒன்பதாவது கேள்விக்கு எதிரே, ‘சில நாட்கள்’ கட்டத்தில் போட்ட டிக்கை ரப்பரால் அழித்திருந்தது. தேய்த்த தேய்ப்பில் அந்த இடம் மட்டும் மெலிந்து பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. பக்கத்தில் ‘இல்லவே இல்லை’ கட்டத்தில் அழுத்தமாக இன்னொரு டிக். மொத்தம் 6 மதிப்பெண். கணினிக்குப் போயிருந்தால் ‘லேசானது’ என்று பெயர் வாங்கி, ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு வரியாகக் கிடந்திருக்கும்.

தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். குழுத் தலைவரிடம் சொல்லிப் பட்டியலைத் திறக்கவைத்து, ஆலோசகரை வரவழைத்து, அந்தப் பிள்ளையோடு அவர் தனியாக உட்கார்ந்தபோது பள்ளி விட அரை மணி நேரம்தான் பாக்கி. இப்போது சிகிச்சை நடக்கிறது, வீட்டாரும் கூடவே நிற்கிறார்கள். அதற்கு மேல் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புத்தான். யாரோ படிக்கப் போகிறார்கள் என்று நம்பித்தானே ஒரு பிள்ளை அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்கிறது? மூன்று மாதம் கழித்துப் படித்தால் அது யாருக்கு உதவும்?

உங்கள் தலைமையாசிரியர், “அப்படியானால் அந்தக் கேள்வியையே எடுத்துவிடலாம்” என்பார், பார். விடாதே. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகவே காட்டியிருக்கிறது. கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்ட அன்றே படிக்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் பொதுவாக நடத்தினால் நல்லது நடக்காவிட்டாலும் கெடுதல் வராது என்று எழுதியிருந்தாய். நானும் அப்படி நம்பத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மைண்ட்ஃபுல்னஸ் பாடத்தை, அதாவது மூச்சையும் அந்தந்தக் கணத்தையும் கவனிக்கப் பழக்கும் பாடத்தைச் சோதித்தார்கள். மிரியட் என்று பெயர், முடிவு 2022இல் வந்தது. வழக்கமாக நடக்கும் வகுப்புகளைவிட அது பிள்ளைகளுக்குக் கூடுதலாக எந்த நன்மையும் செய்யவில்லை. ஏற்கெனவே சிரமத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அது ஒத்துவராமலும் போகலாம் என்பதற்கு அதில் அறிகுறிகள் இருந்தன. பெரும்பாலானோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லையாம். பதின்மூன்று வயதில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார் என்றால் நாம் உட்கார்ந்திருப்போமா, சொல். கணக்கு சார் வகுப்பில் நீ கண்ணை மூடியது வேறு கதை.

அடுத்து சொல்லப்போவது உனக்குக் கொஞ்சம் வலிக்கும். பிஹாரில் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் செஹர் என்ற பள்ளி நலத் திட்டத்தைச் சோதித்த ஆய்வு நடந்தது, 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. திட்டத்தை நடத்தியது சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆலோசகர் ஒருவர், சில பள்ளிகளில் ஆசிரியரே, மற்றவற்றில் வழக்கமான பாடம் மட்டும். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரையொருவர் சீண்டுவதும் அடிப்பதும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர் நடத்திய இடங்களில் ஒரு மாற்றமும் இல்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை, பாஸ்கர். மதிப்பெண் போடுகிறவனிடம், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிறவனிடம், திருத்த வேண்டிய முப்பது நோட்டு மேசையில் காத்திருக்கும்போது அவனிடமே வந்து ஒரு பிள்ளை எப்படி மனம் திறக்கும்? நீ எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்த நாற்காலி குறுக்கே நிற்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். செஹரில் ‘பேசும் பெட்டி’ ஒன்று வைத்திருந்தார்கள். மனதில் உள்ளதை எழுதிப் போடலாம், அதைத் திறந்து பார்க்கவும் பதில் சொல்லவும் ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளுக்கு அதுதான் வேலை. உங்கள் பள்ளிக்கு ஒரு பாடவேளையைவிட அப்படி ஓர் ஆள்தான் முதலில் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆகவே கூட்டத்தில் கேள். தாள் வாங்கும் நாளில் ஆலோசகர் பள்ளியிலேயே இருப்பாரா? மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஒன்பதாவது கேள்வியை மட்டும் தனியாக யார் புரட்டிப் பார்ப்பார்கள்? பேச ஒரு அறை உண்டா? பிள்ளையை எந்த மருத்துவரிடம் அனுப்புவது, அவர் சம்மதித்திருக்கிறாரா? வெள்ளிக்கிழமை மட்டும் வைக்கவே வேண்டாம், இரண்டு நாள் விடுமுறையில் யாரும் கையில் கிடைக்க மாட்டார்கள். மழுப்பினால் தள்ளிப்போடச் சொல். உன்னை வாயாடி என்பார்கள், சொல்லட்டும். பள்ளி நாட்களில் என்னைச் சொல்லாததா!

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்வித்தாளின் நகலை எனக்கு அனுப்பு, அன்று இரவே படித்துப் பதில் எழுதுகிறேன். கூட்டத்துக்கு நான் வந்து பேச வேண்டும் என்றாலும் சொல், வருகிறேன். அப்புறம் அந்தப் பச்சைப் பையை விமலா இன்னும் மறக்கவில்லை, ஜாக்கிரதை.

அன்புடன்,
கண்ணன்